ஒரு மைக்கும் நான்கு துளைகளும்

கல் அறுக்கும் இயந்திரம் மதியம் ஒரு மணிக்கு நிற்கும். இரண்டு மணிக்கு மறுபடி தொடங்கும். மயிலாடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஒரு வாழைத்தோட்டம் தாண்டி, இரண்டு சிற்பக்கூடங்கள் இருக்கின்றன. கல்யாணமாகி வந்த புதிதில் உளிச்சத்தம் தொந்தரவாக இருந்தது, பிறகு அது காதிலேயே விழுவதில்லை. அறுவை இயந்திரம் மட்டும் பழகவில்லை. சன்னலைச் சாத்தினாலும் சுவர் வழியாக வந்துவிடும்.

எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் மகளும் தூங்க வேண்டும். இரண்டும் ஒன்றாக அமைகிற நாட்கள் வாரத்தில் மூன்றோ நான்கோ வரும்.

ஆறு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். விடச்சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை. இரண்டு வருடம் ஆகப்போகும் நேரத்தில் கல்லூரித் தோழி ஒருத்தி, சென்னையில் புத்தகங்களை ஒலிவடிவில் வெளியிடும் ஒரு சிறு நிறுவனத்துக்கு வாசிப்பவர்கள் வேண்டும் என்று சொன்னாள். வீட்டிலிருந்தே செய்கிற வேலை. ஒரு கதையைக் கைப்பேசியில் வாசித்து அனுப்பினேன். பதில் உடனே வந்தது. குரல் நன்றாக இருக்கிறது, உங்கள் ஊர்க்காரர்களுக்கு ழகரம் தானாகவே வந்துவிடுகிறது, ஆனால் ஒலி சரியில்லை, பின்னால் ஏதோ இரைகிறது என்று எழுதியிருந்தார்கள். நல்ல மைக்கும் சிறிய மிக்ஸரும் வைத்துப் பதிந்து, மாதக் கடைசிக்குள் மறுபடி ஒரு மாதிரி அனுப்பச் சொன்னார்கள்.

அதுவரை மிக்ஸர் என்பது சர்ச்சில் பாடகர் குழுவின் பக்கத்தில், துணி போட்டு மூடிவைத்திருக்கும் ஒரு பெட்டி என்றுதான் எனக்குத் தெரியும். மைக்கிலிருந்து வரும் ஒலி மிக மெல்லியது. அதைக் கூட்டி, வேண்டாத இரைச்சலைக் குறைத்து, கணினிக்கு அனுப்புவதுதான் அதன் வேலை என்று படித்துத் தெரிந்துகொண்டேன். மகள் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் காணொளிகள் பார்த்தேன். மலையாளத்தில் பேசுகிற ஒருவர் மிகப் பொறுமையாக, விலை குறைந்த மிக்ஸர்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவார். அவரைப் பார்த்துப் பார்த்து ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதினேன். மைக்குக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெட்டியே கொடுக்க வேண்டும். அடியில் ஓடும் உறுமல் சத்தத்தை வெட்டுகிற பொத்தான் வேண்டும். கணினிக்கு நேராக வயர் போக வேண்டும். வாசிப்பது நான் ஒருத்தி. ஆகவே மைக் செருக ஒரு துளை போதும், கூட ஒன்று இருந்தாலும் தவறில்லை. உள்ளங்கை இரண்டை விரித்தால் எவ்வளவு இருக்குமோ அந்த அளவில் ஒரு பெட்டி கிடைத்தது. அதன் பெயரைச் சுற்றி வட்டம் போட்டேன். மறுநாள் அந்த வட்டத்தின் மேல் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். ஒரு பேனா வாங்குவதென்றாலும் மூன்று கடை ஏறுகிறவள் நான்.

நோட்டு எழுதிய அந்த மூன்று வாரமும் என் கணவர் என்னோடு உட்கார்ந்தார். இதை நான் சொல்லத்தான் வேண்டும். அலுவலகத்திலிருந்து வந்து, காப்பி குடித்துவிட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு எது ஏட்டி ஜெயிச்சுது?" என்று கேட்பார். நோட்டை வாங்கிப் படிப்பார். நான் எழுதுவதை அவர் அதற்கு முன் படித்ததே இல்லை. எனக்கு அது பெரிய அன்பாகத் தெரிந்தது.

யாரிடமாவது கேட்டால் நல்லது என்று சொன்னதும் அவர்தான். கேட்பதற்கு எங்களுக்கு ஒருவர் இருந்தார். சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிற அண்ணன். கல்யாண வீடுகளுக்கும் கன்வென்ஷன் என்று நடக்கும் பிரசங்கக் கூட்டங்களுக்கும் ஒலிபெருக்கி கட்டுவது அவர் தொழில். நான் அவர் குழுவில் பாடியிருக்கிறேன். முப்பது பேர் பாடும்போது யார் அரைச்சுரம் இறங்கினார்கள் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார். அந்தக் காதை நான் நம்பினேன்.

அவர் வீட்டுக்கு வந்து நோட்டைப் பார்த்தார். வட்டம் போட்ட பெயரில் விரலை வைத்தார்.

"கொள்ளாம். ஆனா ஒண்ணு போதும்னு இப்ப தோணும் மக்கா. நாளைக்கு ரெண்டு பேரு சேந்து வாசிக்கணும்னா?"

"யாருண்ணே சேந்து வாசிக்கப் போறா?"

"பாப்பா வளந்து பாடாதா? ஒனக்க தொண்டதானே அதுக்கும்."

"வாங்குகது ஒருக்காத்தான்," என்றார் என் கணவர். "கொஞ்சம் பெருசாட்டே வாங்கிருவோம்."

கேரள எல்லையில், களியக்காவிளையில் தெரிந்த கடை இருக்கிறது, விலை குறையும் என்று அண்ணன் சொன்னார். ஒரு சனிக்கிழமை அவருடைய வேனிலேயே போனோம். கடைக்குள் ஆள் நடக்க இடமில்லாமல் ஒலிபெருக்கிகள் அடுக்கியிருந்தன. கடைக்காரர் மலையாளமும் தமிழும் கலந்து பேசினார். நான் வட்டம் போட்ட பெட்டி அவரிடம் இருந்தது. அதை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"ஒரு மைக்குக்கு இது மதி சேச்சி. பின்ன எதுக்கு வெறுதே பைசா களயணும்?"

போதும் என்று அவரே சொன்னதும் கையில் எடுத்துப் பார்த்தேன். நினைத்ததைவிடக் கனம் இருந்தது. பொத்தான்கள் இறுக்கமாகத் திரும்பின. அண்ணன் அதற்குள் அலமாரிப் பக்கம் போயிருந்தார்.

"அந்த நாலு மைக் உள்ளத எடும்."

கடைக்காரர் அதையும் இறக்கினார். "பள்ளிக்கா?" என்று கேட்டார். சர்ச்சைத்தான் மலையாளிகள் பள்ளி என்பார்கள்.

"இல்ல, இவளுக்க வீட்டுக்கு," என்றார் அண்ணன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். என் கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் பேருந்து காட்டப் போய்விட்டார். அண்ணன் ஒரு மைக்கைச் செருகி, ஏதோ திருகி, "ஸ்தோத்திரம்" என்றார். அது கடை முழுவதும் நான்கு தரம் திரும்பத் திரும்பக் கேட்டது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"எக்கோ எல்லாம் இதுலயே இருக்கு பாத்தியா?"

"கத வாசிக்கதுக்கு எக்கோ எதுக்குண்ணே?"

என் கணவர் வாசலிலிருந்தே, "பேய்க் கத வந்தா என்ன செய்வ?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சரி என்றேன். அதைப் பிறகு எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை. சரி என்று சொன்னது நான்தான். அதற்கும் ஒரு மைக்குக்கும் சேர்த்து, வேலையை விட்டபோது வந்த பி.எஃப். பணத்திலிருந்து கொடுத்ததும் நான்தான்.

வீட்டில் படுக்கையறை அலமாரியின் ஒரு கதவைத் திறந்து, போர்வைகளைத் தொங்கவிட்டு, அதற்குள் மைக்கை வைத்தேன். மிக்ஸருக்கு மேசையில் பாதி இடம் போயிற்று. ஒரு துளையில் வயர் இருந்தது, மூன்று துளைகள் சும்மா இருந்தன. மகள் அதில் விரலை விட்டுவிடுவாள் என்று பயந்து மேலே டேப் ஒட்டினேன். முதல் நாள் பதிந்ததைக் கேட்டபோது என் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வகுப்பறையில் கத்திக் கத்தி அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பதையே மறந்திருந்தேன். என் கணவர் மிக்ஸரைக் கைப்பேசியில் படமெடுத்து யாருக்கோ அனுப்பினார். பெருமைப்படுகிறார் என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை, மகளுக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, ஸ்டிக்கர் கடையில இருந்து. சார் போன எடுக்கல. பாப்பாக்க முழுப் பேரு என்னன்னு ஒண்ணு சொல்லுங்க. இன்னைக்கே அடிக்கணும்னு கொயர் அண்ணன் சொன்னாவ."

"என்ன ஸ்டிக்கர்?"

"மிக்ஸர்ல ஒட்டதுக்குள்ளது. வாசிக்கட்டா? மகளின் சுகத்துக்காக ஸ்தோத்திரத்துடன் சபைக்கு அளிப்பவர்கள். அதுக்குக் கீழ ஒங்க ரெண்டு பேருக்க பேரும் இருக்கு. பாப்பாக்குள்ள இடம் மட்டும் காலியாட்டு கிடக்கு."

எங்கள் சர்ச்சுகளில் பெயர் இல்லாத பொருள் கிடையாது. பெஞ்சு, கடிகாரம், தண்ணீர் வடிகட்டி, எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் இருக்கும். மின்விசிறியின் இறக்கைகளில்கூட எழுதியிருக்கும், கரண்ட் போனால்தான் வாசிக்க முடியும். சிறு வயதில் நீண்ட பிரசங்கங்களின்போது கரண்ட் போகாதா என்று நான் காத்திருந்தது அதற்காகத்தான். அதனால் அந்த வரியைக் கேட்டதுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்டிக்கர் கடைக்காரருக்கு மகளின் பெயரைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்டார், சொன்னேன்.

சாயங்காலம் என் கணவர் காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"ஸ்டிக்கர் கடையில இருந்து கூப்பிட்டாவ."

டம்ளரைக் கீழே வைத்தார். மகளின் தலையைத் தடவினார். பிறகு சொன்னார். மகளுக்கு ஒன்பது மாதமாக இருக்கும்போது காய்ச்சலில் வலிப்பு வந்தது. ஆட்டோவில் நாகர்கோவிலுக்கு ஓடினோம். நான் உள்ளே அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே வராந்தாவில் தனியாக நின்றிருக்கிறார். பிள்ளையைத் திருப்பித் தந்தால் சர்ச்சுக்கு மிக்ஸர் வாங்கிக் கொடுக்கிறேன் என்று அப்போது பொருத்தனை செய்திருக்கிறார். சர்ச்சில் இருந்தது பழுதாகிப் பல நாளாயிற்று. அண்ணனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். இந்த ஞாயிறு மகளுக்கு இரண்டு வயது முடிகிறது, அன்றைக்குக் கொடுப்பதாக இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ வேண்டாம்னா சொல்லப் போற?"

"சொல்ல மாட்டேன். பின்ன ஏன் சொல்லல?"

"நீ அவ்வளவு சந்தோசமாட்டு நோட்டு எழுதிக்கிட்டு இருந்த. அதக் கெடுப்பானேன்னு விட்டேன்."

"யாருக்க மிக்ஸருக்கு நான் எழுதினேன்?"

"ரெண்டு மிக்ஸர் எதுக்கு ஏட்டி? அங்க ஞாயித்துக்கிழமைதானே வேணும். மத்த நாளு நீ அங்க போயி வாசி. சர்ச்சுக்குள்ள ஒரு சத்தமும் கேக்காது."

"சாவி?"

"அண்ணன்கிட்ட இருக்கும்."

"பாப்பாவ எங்க தூங்க வைக்க? பெஞ்சிலயா?"

"ஒண்ணொண்ணா பாப்போம்," என்றார்.

அன்று இரவு உணவு செய்துகொண்டே எனக்கு நானே பலவிதமாகச் சொல்லிப்பார்த்தேன். பிள்ளை பிழைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் ஒரு பெட்டி எம்மாத்திரம். வராந்தாவில் அவர் என்னைக் கேட்டிருந்தால் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்திருப்பேன். அப்படியானால் எனக்கு என்னதான் வலிக்கிறது? கஞ்சத்தனமா? விசுவாசக் குறைவா? யோசிக்க யோசிக்க அந்த நோட்டுப்புத்தகத்தில்தான் போய் நின்றேன். ஒவ்வொரு சாயங்காலமும் அவர் அதைப் படித்தது சர்ச்சுக்கு எது பொருந்தும் என்று பார்க்கத்தான். பெரிதாக வாங்குவோம், பாப்பா பாடும், பேய்க் கதை வரும் என்று சிரித்துச் சிரித்து, என் வாயாலேயே சரி என்று சொல்லவைத்திருக்கிறார்கள். வராந்தாவில் நின்று வாக்குக் கொடுத்தவர் அவர். அதை நிறைவேற்றியது என் ஆறு வருட வகுப்பறை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மிக்ஸரை எடுக்க அண்ணன் வருவதாக இருந்தது. அன்று ஒரு மணிக்கு இயந்திரம் நின்றது. மகளும் தூங்கினாள். போர்வைகளுக்குள் உட்கார்ந்து, அனுப்ப வேண்டிய மாதிரியை ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. எனக்கே அது வியப்பாக இருந்தது.

அண்ணன் வந்ததும், "என்ன மக்கா, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார்.

"கடையில அவரு கேட்டாருல்லா, பள்ளிக்கான்னு. ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

வயரைச் சுற்றிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. "ஒனக்க மாப்பிள சொல்லக்கூடாதுன்னான். சர்ப்ரைஸ்னான்."

"யாருக்கு?"

"பொருத்தனை விசயம் மக்கா. அதுல நான் என்னத்த பேச?" வயரை முறுக்கு விழாமல், அழகாக வளையம் வளையமாகச் சுற்றி முடித்தார். அவரால் அதை அசட்டையாகச் செய்ய முடியாது. நான் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் உரித்து எடுத்தார். "மைக் ஒனக்குத்தான். அதத் தொடமாட்டோம்," என்றார். செருக இடமில்லாத மைக்.

மறுநாள் சர்ச்சில் மகளைப் புதுச் சட்டையோடு மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். காணிக்கை முடிந்ததும் போதகர் எங்கள் குடும்பத்தை முன்னால் அழைத்தார். மகளுக்காக ஜெபித்து, பொருளைப் பெற்றுக்கொள்வது வழக்கம். பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு வழிவிட்டுக் கால்களை ஒதுக்கினார்கள். நான் எழுந்திருக்கவில்லை. தலை சுற்றியது, கால் மரத்தது என்றெல்லாம் ஒன்றும் இல்லை. எழுந்திருக்கக் கூடாது என்று வீட்டில் நினைத்துவிட்டுப் போகவுமில்லை. என் வாழ்க்கையில் அழைத்த இடத்துக்கு நான் போகாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

என் கணவர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு தனியாக நடந்தார். போதகர் மைக்கைக் கொடுத்தார்.

"அவளுக்கு மேலுக்குக் கொஞ்சம் சொகமில்ல," என்றார் என் கணவர். அண்ணன் எக்கோவைக் குறைக்க மறந்திருந்தார். சொகமில்ல, சொகமில்ல என்று அது கடைசி பெஞ்சுவரை தேய்ந்துகொண்டே போனது. எதற்காக நன்றி செலுத்த நின்றாரோ அந்த இடத்திலேயே, நான் வாங்கின மிக்ஸரிலேயே, ஒரு பொய். என் மடியில் மகள் கை தட்டினாள்.

வெளியே வந்ததும் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். என்ன செய்யுது, ரெண்டாவதா, எத்தன நாளாச்சு. முதல் இரண்டு பேருக்குத் தலைவலி என்றேன். மூன்றாவதாக அண்ணனின் மனைவி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தபோது, "எனக்கு ஒண்ணுமில்ல மைனி. நல்லாத்தான் இருக்கேன்," என்றேன். அவர் கையை எடுத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து பதில் வந்தது. மாதிரி மிக நன்றாக இருக்கிறது, இதே தரத்தில் முதல் அத்தியாயத்தைப் பத்து நாளில் அனுப்புங்கள் என்றார்கள். சாவிக்கு அண்ணனை அழைத்தேன். மிக்ஸர் சர்ச்சில் இல்லை, ஒரு வாரம் கன்வென்ஷன் கூட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அது திரும்பி வந்தாலும் எந்த நாள் என் கைக்குக் கிடைக்கும் என்று தெரியாது, ஒரு மாதம் அவகாசம் வேண்டும் என்று சென்னைக்கு எழுதினேன். இந்தப் புத்தகத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுகிறோம், அடுத்ததை உங்களுக்கு வைத்திருக்கிறோம் என்று மரியாதையாகவே சொன்னார்கள்.

அதைக்கூட நான் விழுங்கியிருப்பேன். புதன்கிழமை மாலை மகளுக்கு உடம்பு சுட்டது. வலிப்பு வந்த அந்த இரவு அப்படியே கண்முன் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. அழைத்தபோது நான் எழுந்து போகவில்லை. அதனால்தானா? அப்படி நினைப்பது தவறு என்று படித்த புத்தி சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனாலும் ஈரத்துணியை அவள் நெற்றியில் போடும்போதெல்லாம் நினைத்தேன். யாராவது அப்படி இல்லை என்று சொன்னால் போதும் என்றிருந்தது. அவர் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு நீ எழும்பி வந்திருக்கலாம்," என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அவரும் பயந்திருந்தார், எனக்குத் தெரியும். நான் துணியை மாற்றினேன்.

மறுநாள் காலை மருத்துவரிடம் போனோம். என் கணவர் சீட்டெடுக்கப் போனார். காத்திருக்கும் கூடம் முழுவதும் மூக்கு ஒழுகுகிற பிள்ளைகள். எங்கள் தெருவிலிருந்தே மூன்று பேர் வந்திருந்தார்கள். ஊர் முழுக்க இதுதான், இரண்டு நாளில் விட்டுவிடும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மகள் என் தோளில் தூங்கிப்போனாள். எனக்கு மூச்சு சீரானது. ஒரு கையால் கைப்பேசியை எடுத்து, முதலில் நான் தேர்ந்தெடுத்த அந்தச் சிறிய மிக்ஸரைத் தேடினேன். மிச்சமிருந்த பணத்துக்கு அது வரும். இந்தத் தடவை யாரிடமும் கேட்கவில்லை, எனக்குள்கூட இரண்டாம் தரம் கேட்டுக்கொள்ளவில்லை. எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டது. எங்கள் வீட்டு முகவரி முன்பே நிரப்பியிருந்தது. அதை அழித்துவிட்டு, பூதப்பாண்டியில் என் அம்மா வீட்டு முகவரியை எழுதினேன்.

அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துவிட்டார்.

"எதுக்கு அங்க அனுப்பச் சொல்லுக?"

"வாரத்துல ரெண்டு நாளு பாப்பாவக் கூட்டிட்டு அங்க போயி வாசிக்கலாம்னு இருக்கேன்."

"அதான் எதுக்குன்னு கேட்டேன்."

"அங்க கல்லு அறுக்க சத்தம் கேக்காது," என்றேன்.

அது உண்மைதான். ஆனால் அது மட்டுமல்ல. எங்கள் முறை வந்துவிட்டதென்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். மகளை அவர் கைக்கு மாற்றாமல் நானே தூக்கிக்கொண்டு எழுந்தேன்.